கிளட்ச் மாஸ்டரின் படை

ஊருக்கு அவர் மாஸ்டர். தங்கைக்கு மட்டும் ‘அவன்’. நேரில் பார்த்தால் ‘அண்ணா’ என்பாள். அந்தச் சொல்லையும் வாயில் சிக்கிய முடியை எடுத்துப் போடுவது மாதிரி எடுத்துப் போடுவாள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்கின் சுவரோரம் நிற்கிற வெள்ளைக் காரும், அதன் தலையில் கட்டிய மஞ்சள் பலகையும்தான் அவனுடைய டிரைவிங் ஸ்கூல். ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். பக்கத்து இருக்கையில் அவன் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். ஆக, யார் ஓட்டினாலும் ஓட்டுவது அவன்தான். இந்த வசதி தனக்கு உலகத்தில் எல்லா இடத்திலும் உண்டு என்று அவன் நம்பினான். அடுத்தவர் வீட்டில் சுவருக்கு எந்த வண்ணம் பூசுவது என்பதில் ஆரம்பித்து, யார் பெண்ணை எங்கே படிக்கப் போடுவது என்பது வரைக்கும் நடுவில் காலை நீட்டி மிதிப்பான். வாயைத் திறந்தால் கிளட்ச்தான். “குடும்பம்னா என்ன? கிளட்ச். எப்போ மிதிக்கணும், எப்போ விடணும்னு தெரியணும், அவ்வளவுதான்.” தெருவில் பாதிப் பேருக்கு அவன் கிளட்ச் மாஸ்டர். மீதிப் பேர் அவன் வருவது தெரிந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டவன். படித்தவர்களை வரிசையாக உட்கார வைத்துத் திட்டுவதற்கு இதைவிடத் தோதான தொழில் இல்லை என்று இளம் வயதிலேயே கண்டுகொண்டானே, அது ஒன்றுதான் அவன் மூளை செய்த உருப்படியான காரியம் என்பது தங்கையின் கணிப்பு. வக்கீலோ பேராசிரியரோ, ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவனுக்கு எல்லோரும் ஒன்றுதான்.

தங்கை அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. வேதியியல். “இவளைப் படிக்க வெச்சதே நான்தான்” என்று அவன் சொல்லாத ஆள் கிடையாது. கல்லூரி திறந்த முதல் நாள் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டதைத் தவிர அவள் படிப்புக்கும் அவனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அன்றைக்கும் வழியில் ஒரு லாரிக்காரனோடு மல்லுக்கு நின்று, அவளை முதல் வகுப்புக்கே பிந்த வைத்தான்.

துணிக்குச் சாயம் போடும் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. வாங்குகிறவர்கள் ஒரு துண்டுத் துணியை அனுப்பி ‘இதே சிவப்பு வேண்டும்’ என்பார்கள். அவள் குட்டிக் குட்டி எஃகுக் குடுவைகளில் சாயம் கலந்து, துணியை முக்கிச் சூடாக்கி, அலசிக் காயவைத்து, விளக்குப் பெட்டிக்குள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பாள். பகல் வெளிச்ச விளக்கு, கடை விளக்கு, வீட்டு விளக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பாள். “மஞ்சள் எட்டிப் பார்க்குது. போகாது” என்று தூக்கிப் போடுவாள். மற்றவர்களுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு சிவப்புக்கு நடுவில் அவளுக்கு ஒரு தெருவே தெரியும். மனிதர்களையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தாள். பெரும்பாலானவர்கள் போகாத ரகம்.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது; அதிலும் நின்று யோசிக்க விடாத வேக ரகம். மருந்து ஏற்றி அடக்கினார்கள். மறுபடி கிளம்பாமல் இருக்க வேறொருவரின் ஸ்டெம் செல் வேண்டும், அதாவது புது ரத்தத்தை ஊறவைக்கிற விதை அணுக்கள், என்றார் டாக்டர் அம்மா. கூடப் பிறந்தவன் ஒருவன்தான். அவன் ரத்தத்தைச் சோதித்தார்கள். பத்துக்குப் பத்துப் பொருத்தம்.

வாழ்க்கையில் அவன் வாங்கிய முதல் முழு மதிப்பெண் அது. தலைகால் புரியவில்லை. “பத்துக்குப் பத்து சார்! டாக்டருங்களே ஆடிப்போய்ட்டாங்க” என்று பெட்ரோல் போடுகிறவரிடம்கூடச் சொன்னான்.

அணுக்கள் ஏறின, பிடித்துக்கொண்டன. அவள் பிழைத்தாள். அதோடு அவள் உடம்பு அவளுடையதாக இல்லாமல் போயிற்று. ரத்த வகை மாறி அவனுடைய வகையாகிவிட்டது. சோதித்துப் பார்த்தால் ஆணின் ரத்தம் என்றுதான் வரும். இதை அவனுக்கு யார் சொன்னார்களோ, சொன்ன வாயில் மண்ணைப் போட வேண்டும் என்று நினைப்பாள். ஆலை வாசலில் வண்டியை நிறுத்திக் காவலாளியைக் கூப்பிட்டு, “உங்க லேப் அக்கா உடம்புல ஓடுறது யாரு தெரியுமா? நான்தான்” என்பான். அவள் கணவன் வீடு வீடாகப் போய் மின்மீட்டர் கணக்கெடுப்பவன், யார் எதைச் சொன்னாலும் சிரிப்பவன். அவனிடம் அண்ணன் பேசுவது இன்னொரு மாதிரி.

“மாப்பிள்ளை, என் தங்கச்சியைத் திட்டுறப்போ கொஞ்சம் பார்த்துத் திட்டுங்க. உள்ள உட்கார்ந்திருக்கிறது நான்.”

“சரிங்க மச்சான்.”

அவன் போனதும் அவள் கணவனைப் பிடித்துக்கொள்வாள். “அதுக்கு எதுக்குங்க பல்லைக் காட்டினீங்க?”

“என்ன பண்ணச் சொல்ற? உள்ள இருக்கிறவரைப் பகைச்சுக்க முடியுமா?”

முன்பின் தெரியாத எவனோ ஒருவன் கொடுத்திருந்தால் ஒரு நன்றியோடு போயிருக்கும் என்று அவள் நினைக்காத நாளில்லை.

ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடியது. முகக்கவசமும் கையுறையுமாக அரை நாள் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். யாருடைய அணுக்கள் எவ்வளவு பங்கு என்று பார்க்கும் சோதனையை அவ்வப்போது செய்வார்கள். ஒரு தடவை டாக்டர் அம்மா கணினித் திரையை அவள் பக்கம் திருப்பவே இல்லை.

“உங்க அண்ணனோட பங்கு குறைஞ்சுக்கிட்டே வருது. உங்க பழைய எலும்பு மஜ்ஜை திரும்பத் தலைதூக்குது. நோய் இன்னும் கண்ணுல படல. படுற வரைக்கும் உட்கார்ந்திருந்தா அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல.”

“என்ன செய்யணும் டாக்டர்?”

“உடம்போட எதிர்ப்பை அடக்குற மாத்திரையை நிறுத்திடுவோம். அண்ணனைக் கூட்டிட்டு வாங்க. இந்தத் தடவை ஸ்டெம் செல் வேண்டாம், லிம்போசைட். வெள்ளை அணுக்கள்லயே சண்டை போடுற ரகம். அதை எடுத்து உங்களுக்கு ஏத்தினா, மிச்சமிருக்கிற பழைய அணுக்களைத் தேடிப் பிடிச்சு அடிக்கும். தள்ளிப் போடாதீங்க.”

புரியாமல் இல்லை. சாயம் போட்ட துணியில் பழைய நிறம் கசிந்து வருகிறது. இன்னொரு முக்கு வேண்டும். சாவு பயத்துக்கு முன்னால் வேறொன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்தது: மறுபடியும் அவனிடமா?

போனில் சொன்னாள். “அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு” என்றான். வரவில்லை. காருக்கு எஞ்சின் வேலை என்றான். அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்ட் என்றான். அதற்கடுத்த வாரம் முதுகு பிடித்துக்கொண்டது. ஊரெல்லாம் ‘ரெண்டாவது தடவையும் என்கிட்டதான் வந்தாங்க’ என்று பீற்றிக்கொள்வதற்கு மட்டும் முதுகு ஒத்துழைத்தது. விஷயம் என்னவென்று அவளுக்குத் தெரியும். போன தடவை அணுக்களைப் பெருக்கப் போட்ட ஊசிகளில் எலும்பெல்லாம் வலித்து, அம்மா அம்மா என்று அழுதுகொண்டு பாயில் உருண்டதை அண்ணி சொல்லியிருந்தாள். இந்தத் தடவை அந்த ஊசிகள் கிடையாது என்று சொன்னாலும் காதில் ஏறவில்லை.

தனியாகக் கேட்டால் நழுவுவான், நாலு பேருக்கு முன்னால் கேட்டால் நழுவ மாட்டான். அவனைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எது? பாடம் நடக்கிற நேரமாகப் பார்த்துப் போனாள். மைதானத்தில் கார் நின்று நின்று குதித்துக்கொண்டிருந்தது. ஓட்டியவர் நடுத்தர வயதுப் பல் டாக்டர்.

“அம்மா, கிளட்ச்சை மிதிங்கன்னா ஏன் தரையை மிதிக்கிறீங்க? தரை என்ன பாவம் பண்ணுச்சு?”

“பதட்டத்துல எது கிளட்ச்னு மறந்துடுது மாஸ்டர்.”

“முப்பத்திரண்டு பல்லு ஞாபகம் இருக்கு, மூணு பெடல் ஞாபகம் இல்ல! உங்களுக்கெல்லாம் யாரு டாக்டர் பட்டம் குடுத்தாங்க?”

தங்கை பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

“அண்ணா, ஆஸ்பத்திரியில உன்னைக் கூப்பிடுறாங்கன்னு நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன்.”

“பாடம் நடக்குது, கண்ணு தெரியல?”

“நடக்கட்டும். உன்னோட லிம்போசைட் வேணும் எனக்கு.”

பல் டாக்டரின் கால் எல்லாப் பெடலிலிருந்தும் ஒரே நேரத்தில் எழுந்தது. கார் செத்தது. “லிம்போசைட்டா? இவங்களுக்கு டோனர் நீங்களா மாஸ்டர்?”

அந்த ஒரு சொல்லில் அவன் கழுத்து நீண்டது. “நானேதான் டாக்டர். பத்துக்குப் பத்து.”

“அப்போ ஏன் இழுத்தடிக்கிறீங்க? இதுல ஒவ்வொரு வாரமும் முக்கியமாச்சே.”

“யாரு இழுத்தடிக்கிறா? டெஸ்ட் நேரம், என்னை நம்பி இத்தனை பேரு வண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க…”

“என் டெஸ்ட்டை நான் தள்ளிப் போட்டுக்கிறேன். முதல்ல போய்ட்டு வாங்க.”

“ஊசின்னா பயம் டாக்டர், வேறொண்ணுமில்ல” என்றாள் தங்கை, சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

“யாருக்கு? எனக்கா பயம்?” நின்றுகொண்டிருந்த காரிலேயே ஓங்கிப் பிரேக்கை மிதித்தான். “நாளைக்குக் காலையில போய் நிக்கிறேன் பாரு. ஆனா ஒண்ணு. நீ முறையாக் கேட்கணும். கேளு.”

இதையும் அவள் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். “அண்ணா, தயவுசெஞ்சு குடு” என்றாள். எதையோ மிதித்துவிட்டுச் செருப்பைத் தேய்க்கிற முகம்.

“கேட்டீங்களா டாக்டர்?” என்றான் அவன். முகமெல்லாம் பல்.

மறுநாள் போய்ப் படுத்தான். ஒரு கையில் ரத்தம் வெளியே போய், இயந்திரத்துக்குள் சுற்றி, வேண்டிய அணுக்களை மட்டும் விட்டுவிட்டு, அடுத்த கை வழியே திரும்பி வந்தது. இரண்டு கையையும் அசைக்கக் கூடாது. படுத்த கொஞ்ச நேரத்தில் மூக்கு அரித்தது.

“பாப்பா, மூக்கைக் கொஞ்சம் சொறிஞ்சு விடேன்.”

சொறிந்தாள். “இன்னும் மேல. இடது பக்கம். அங்க இல்ல, சொன்னாப் புரியாதா?” யோசித்துப் பார்த்தால் அங்கேயும் அவன் பாடம்தான் நடத்திக்கொண்டிருந்தான். அப்புறம் உதடு மரத்துப் போயிற்று. இயந்திரத்தில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கிற மருந்து சுண்ணாம்புச் சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான் காரணம். அவன் அதற்குள், “எனக்கு வாய் இழுத்துக்குது, பிள்ளைங்களை வரச் சொல்லு” என்று கத்தி வார்டைக் கூட்டிவிட்டான். வார்டு சிஸ்டர் ஒரு மாத்திரையைக் கொடுத்து, “மாஸ்டர், இதைச் சப்புங்க, போதும்” என்றார். சப்பினான். சரியாயிற்று. வெளியே போனதும் ‘சாவு வரைக்கும் போய்த் திரும்பினேன்’ என்று அதற்கு ஒரு கதை தயார்.

அவளுக்கு ஏற்றக் கொண்டுவந்தபோதுதான் அவனுக்கு உண்மையான அடி விழுந்தது. சிஸ்டர் கையில் இருந்தது ஒரு சின்ன ஊசிக்குழல்.

“இவ்வளவுதானா? அவ்வளவு நேரம் படுத்தேனே! இது ஒரு வாய் டீக்குக் காணாதே.”

“மிச்சத்தைப் பங்கு பிரிச்சு உறைய வெச்சிருக்கோம்” என்றார் டாக்டர் அம்மா. “முதல்ல கொஞ்சம்தான் குடுக்கணும். உங்க அணுக்கள் இவங்களோட பழைய அணுக்களை மட்டும் அடிக்கும்னு சொல்ல முடியாது. தோல், குடல், ஈரல் எல்லாமே அதுக்கு அந்நியம்தான், அதையும் அடிக்கலாம். கை கால் லேசாச் சிவந்தா ஒரு வகையில நல்ல அறிகுறி, வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஆனா சிவந்தாலும் வயிறு கலங்கினாலும் உடனே சொல்லிடணும். அடக்க மருந்து இருக்கு. விட்டா உயிருக்கே வந்துடும்.”

இவ்வளவு நீளப் பேச்சில் அவன் காதில் விழுந்தது ‘நல்ல அறிகுறி’ மட்டும்.

அன்றிலிருந்து காலையில் முதல் பாடத்துக்கு முன்னால் வந்து நிற்பான். “சிவந்துச்சா? காட்டு கையை.” இல்லையென்றால் முகம் தொங்கிவிடும். “வரும் வரும். என் ஆளுங்க கொஞ்சம் யோசிச்சுத்தான் இறங்குவாங்க. இறங்கிட்டா அவ்வளவுதான், படைதான்.” காவலாளிக்கும் சொல்லியாயிற்று, அவரும் ஆலை வாசலில் “என்னக்கா, சிவந்துச்சா?” என்று கேட்க ஆரம்பித்தார். போதாக்குறைக்கு, போன் நம்பர் கொடுத்த பாவத்துக்கு யாரையும் விடாமல் தினமும் பூப்படம் போட்டு ‘இனிய காலை வணக்கம்’ அனுப்புகிற வழக்கம் அவனுக்கு உண்டு. வார்டு சிஸ்டரையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திருந்தான்.

சில வாரம் கழித்து, ஆலையில் கையுறையைக் கழற்றியவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிவப்பு. சோப்புப் போட்டுக் கழுவினாள். போகவில்லை. விளக்குப் பெட்டிக்குள் கையை நீட்டிப் பார்த்தாள். அவளுக்கு விளக்கே தேவையில்லை. அது எந்தச் சாயத்தின் சிவப்பும் அல்ல.

படை இறங்கிவிட்டது. போனை எடுத்தாள். சிஸ்டரிடம் சொன்னால் டாக்டருக்குப் போகும், டாக்டர் கூப்பிட்டால் கணவனுக்குப் போகும், கணவன் சிரித்துக்கொண்டே மச்சானிடம் சொல்வான். அதற்கப்புறம்? அவன் காரின் மேலேறி நின்று கூவுவான். அவளுடைய உள்ளங்கையைக் கடைத்தெருவில் காட்டுவான். போனைக் கீழே வைத்தாள். ரெண்டு நாள் பார்ப்போம், தானே அடங்கினால் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

சாயக்காரி கை சிவந்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? கணவன் கேட்டான்: “கையென்ன இப்படி இருக்கு?” “ரெட் ஆர்டர் ஓடுது” என்றாள். தலையாட்டினான். காலையில் வந்து நின்ற அண்ணனிடம் உள்ளங்கையைத் திருப்பியே காட்டினாள். “சாயம். உனக்கென்ன தெரியும்?” அவனும் நம்பினான். சாயத்தைப் பற்றி அவளிடம் வாய் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட பழைய அனுபவம். வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிற சிஸ்டர், “கை, கால் சிவப்பு ஏதும் இருக்கா?” என்றபோது “இல்ல சிஸ்டர்” என்றாள். அரைப் புள்ளி நிறம் தவறினால் ஒரு வண்டித் துணியைத் திருப்பி அனுப்புகிறவள் அந்தப் பொய்யை நிறம் மாறாமல் சொன்னாள்.

பிறகு வயிறு. ஆலைச் சாப்பாடு சரியில்லை என்றாள். நாளுக்கு நாள் ஓட்டம் அதிகமாகி, வேலைக்கு லீவு போட்டாள். கண்ணாடியில் கண்ணைப் பார்ப்பதை நிறுத்தினாள். பார்த்தால் என்ன நிறமென்று தெரிந்துவிடும்.

லீவு நாளில் கணவன் வெளியே போயிருந்தபோது அண்ணன் வந்தான். கதவைத் தட்டுகிற பழக்கமெல்லாம் அவனுக்கு ஏது? அவள் நாற்காலிகள் இரண்டைச் சேர்த்துக் காலை நீட்டிப் படுத்திருந்தாள். உள்ளங்கால் இரண்டும் வாசலைப் பார்த்தபடி.

“ஏய்! காலுக்குமா சாயம் போட்டிருக்க?”

அவள் காலை இழுத்துக்கொள்வதற்குள் பிடித்துவிட்டான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது. “இறங்கிட்டாங்கடி! என் ஆளுங்க இறங்கிட்டாங்க! சொன்னேனா இல்லையா?” போனை எடுத்து, காலைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தான்.

“விடு அண்ணா, அசிங்கமா இருக்கு.”

“எது அசிங்கம்? என் உழைப்புடி இது! ஆஸ்பத்திரி கீஸ்பத்திரிக்குச் சொல்லிடாத. மருந்து குடுத்து எல்லாரையும் கொன்னுடுவாங்க. நல்லா அடிக்கட்டும், நடுவுல பிரேக் போடாத.”

‘என் படை இறங்கிவிட்டது’ என்று எழுதிக் குடும்பத்துக்கு அனுப்பினான். கை அதோடு நிற்குமா? காலை வணக்கம் போகிற அத்தனை பேருக்கும் அந்தக் கால் போயிற்று. பெட்ரோல் போடுகிறவருக்கு, பல் டாக்டருக்கு, வார்டு சிஸ்டருக்கு.

போன் உடனே அடித்தது.

“மாஸ்டர், அது யாரு காலு?”

“என் தங்கச்சி காலுதான் சிஸ்டர்! பார்த்தீங்களா நம்ம வேலையை?”

“வயித்துப்போக்கு இருக்கா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர், ஜம்முனு…” என்றவன் திரும்பினான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கதவு மூடுகிற வரைக்கும் பார்த்தான். அவள் திரும்பி வந்தபோது போனை நீட்டினான். குரல் இறங்கியிருந்தது. “சிஸ்டர் உன்கிட்டக் கேட்கணுமாம்.”

“இருக்கு சிஸ்டர்” என்றாள் அவள் போனில். “கொஞ்ச நாளா… ஆமா, நிறையத்தான்.”

“போனை அவருகிட்டக் குடுங்க. மாஸ்டர், கண்ணைப் பாருங்க. என்ன நிறம்?”

அவன் கிட்ட வந்து பார்த்தான். “மஞ்சளா இருக்கு சிஸ்டர்.”

“அப்படியே கிளப்பிக் கூட்டிட்டு வாங்க.”

“மருந்து குடுத்தா என் அணுக்கள் செத்துடாதா?”

“உங்க தங்கச்சி செத்தா உங்க அணுக்கள் எங்க குடியிருக்கும்?”

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான். அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் மஞ்சள் பலகை வைத்த காரில் ஏற்றினான். சிக்னலில் பச்சை விழுந்தது. கார் குதித்துச் செத்தது. மறுபடி கிளப்பினான், மறுபடி செத்தது. பின்னால் ஹாரன்கள் கிழித்தன.

“கிளட்ச்” என்றாள் அவள், பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு.

வார்டில் சேர்த்து ஸ்டீராய்டு ஏற்ற ஆரம்பித்தார்கள். கணவன் மீட்டர் பையோடு ஓடிவந்து, அன்றைக்குச் சிரிக்காமல் நின்றான். டாக்டர் அம்மா கட்டிலருகே வந்தார்.

“கை எப்போ சிவந்துச்சு?”

சொன்னாள்.

“அப்போ சிஸ்டர்கிட்ட இல்லன்னு சொன்னது?”

கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“நீங்க படிச்சவங்கதானே? கெமிஸ்ட்ரின்னு என்கிட்டயே சொன்னீங்களே.”

இத்தனை வருஷம் அடுத்தவர்கள் மேல் அவள் எறிந்துகொண்டிருந்த வாக்கியம். முதல் தடவையாக அது எவ்வளவு கனம் என்று தெரிந்தது. டாக்டர் போன பிறகு அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா நீ ஆடுவ.”

“ஆடினா?”

“பார்க்கச் சகிக்காது.”

“என்னை மட்டம் தட்டுறதுக்காகச் சாகப் பார்த்தியா?”

“சாகணும்னு நினைக்கல. உன்னைப் பேச விடக் கூடாதுன்னு நினைச்சேன்.”

“அதுக்கு வாயை மூடுடான்னு சொல்லியிருக்கலாமே.”

“எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!”

யோசித்தான். “சொல்லியிருக்க” என்று ஒத்துக்கொண்டான். முகத்தை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு வெளியே போனான். அழுகிறான் போல என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் நடைபாதையிலிருந்து குரல் வந்தது. யாரோ ஒரு நோயாளியின் அப்பாவிடம், “என் அணுக்களுக்கு வேகம் கொஞ்சம் ஜாஸ்தி சார். அதான் ஆஸ்பத்திரியாலயே தாங்க முடியல” என்று விளக்கிக்கொண்டிருந்தான். இவனுக்காகவா ஒரு கணம் இளகினோம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். இவனுக்காகவா உயிரைப் பணயம் வைத்தோம் என்பது அதற்குப் பின்னால் மெதுவாக வந்து, அவளைத் தூங்க விடாமல் செய்தது. அவன் எப்போதும் இருக்கிற மாதிரிதான் இருந்தான். முட்டாள்தனம் செய்தது அவளுடைய பட்டம்.

வயிறு மெல்ல அடங்கியது. கண்ணின் மஞ்சள் வடிந்தது. பங்கு பார்க்கும் சோதனையின் முடிவு வந்த அன்று டாக்டர் அம்மா திரையைத் திருப்பிக் காட்டினார்.

“முழுக்க உங்க அண்ணனோடதுதான். பழைய அணுக்கள் தேடினாலும் கிடைக்கல. இப்போதைக்கு ஜெயிச்சிருக்கோம், தொடர்ந்து பார்த்துக்கிட்டே இருக்கணும். இனி டோஸ் வேண்டாம்.”

“அப்போ உறைய வெச்ச மிச்சம்? வீணாத்தான் போகுமா?” என்றான் அவன்.

“அது வீணாப் போனாத்தான் சார் நல்ல செய்தி.”

அவனுக்கு அது பிடிக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு சிஸ்டர் ஒரு நிபந்தனை போட்டார். “இவங்க வாய்வார்த்தையை இனிமே நான் நம்ப மாட்டேன். தினமும் காலையில உள்ளங்கை, உள்ளங்கால் படம் எனக்கு வந்தாகணும்.” கணவன் விடிந்ததும் மீட்டர் பார்க்கக் கிளம்பிவிடுவான். சிஸ்டரின் பார்வை சுற்றிவிட்டு, வேறு வழியில்லாமல், அண்ணன் மேல் நின்றது. “மாஸ்டர், நீங்க எடுத்து அனுப்புங்க. எனக்கு மட்டும். பூவெல்லாம் வேண்டாம், கை கால் மட்டும்.”

இதைவிட அவளை யாரும் தண்டிக்க முடியாது.

முதல் பாடத்துக்கு முன்னால் வந்துவிடுகிறான். கைப் படம் முடிந்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை ஸ்டூலில் வைப்பாள். அவன் தரையில் முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெரிய புகைப்படக்காரன் தோரணையில் குறி பார்ப்பான்.

“சன்னலை மறைக்காத. வெளிச்சம் விழட்டும். உன் நிழல் விழுந்தா எந்தச் சிவப்பும் ஒரே சிவப்பாத்தான் தெரியும்.”

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா நகரு.”

நகர்ந்தான். எடுத்தான். அனுப்பினான். பதில் உடனே வந்தது. சத்தமாகப் படித்தான். “‘நல்லா குறையுது, அழகா இருக்கு.’ பார்த்தியா? அழகா எடுக்கிறேனாம்.”

“காலைச் சொல்றாங்க. கால் என்னோடது.”

அவன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். தீர்ப்புச் சொல்கிற குரலில், “தோல் உன்னோடது, ஒத்துக்கிறேன். உள்ள ஓடுறது…” என்று ஆரம்பித்தான்.

அவள் காலை ஸ்டூலிலிருந்து எடுத்து நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். இன்னொரு காலின் படம் பாக்கி இருந்தது. போனில் சிஸ்டர், ‘அடுத்த கால் எங்கே?’ என்று கேட்டிருந்தார். வெளியே, அவன் கூட்டிவந்திருந்த முதல் மாணவர் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்து, தானாகவே ஏதோ ஒரு கியரைப் போட்டுப் பார்க்கிற சத்தம் கேட்டது.

“நேரமாகுதுடி.”

அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, சரி. கால் உன்னோடதுதான். நீட்டு.”

நீட்டினாள்.